வெள்ளத்தில் சமைத்துக் கொடுக்கப் போகிறீர்களா? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்று மாதத்தில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மூலையில் அடுப்பு எரியாத நாட்கள் வந்துவிடுகின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையும் கடலூரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னை, அது வடிந்து இரண்டு வாரம் ஆவதற்குள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். ஒவ்வொரு முறையும் இளைஞர்கள் நிறையப் பேர் நல்ல மனதோடு வந்து நிற்கிறார்கள்: "நாங்களும் சாப்பாடு கொடுக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?"

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓர் அன்னதானக் குழுவிலோ அறக்கட்டளையிலோ முதல்முறையாகச் சேருபவர்களுக்கும், தெரு நண்பர்களாகச் சேர்ந்து சமைக்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் சமைப்பவர் யார்?

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை, வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை. ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள் கையில் இருந்த அரிசி பருப்பைப் போட்டுப் பொங்கி, அந்தப் பயணிகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஊரும் அதே வெள்ளத்தில்தான் இருந்தது.

புதிதாக வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை சுலபமாகும். பேரிடரில் முதல் சோறு பக்கத்து வீட்டுக்காரர் கொடுப்பது. நீங்கள் இரண்டாவதாகத்தான் போய்ச் சேர்வீர்கள். அதனால் உங்கள் முதல் கேள்வி "நாம் எங்கே சமைக்கலாம்?" என்று இருக்கக் கூடாது. "அங்கே ஏற்கெனவே யார் சமைக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தீர்ந்துபோகப் போகிறது?" என்று இருக்க வேண்டும். சில இடங்களில் நீங்கள் ஆயிரம் பொட்டலம் கட்டுவதைவிட, மேட்டில் இருக்கும் ஒரு பள்ளிவாசலுக்கோ கோயில் மடப்பள்ளிக்கோ சர்ச் மண்டபத்துக்கோ இரண்டு மூட்டை அரிசியும் இரண்டு சிலிண்டரும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய உதவி.

மழைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

செப்டம்பரிலேயே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. 2015-ல் சென்னையில் மின்சாரமும் போய் செல்போன் டவர்களும் செத்தபோது, காகிதத்தில் நம்பர் இருந்தவர்களால் மட்டுமே லேண்ட்லைனைத் தேடிப்போய்ப் பேச முடிந்தது.

நோட்டில் என்ன இருக்க வேண்டும்? மேடான இடத்தில் இருக்கும் இரண்டு கல்யாண மண்டபங்களின் மேலாளர்கள். பெரிய அளவில் சமைத்துப் பழகிய மாஸ்டர்கள் மூன்று பேர் (ஒருவர் வீடும் மூழ்கியிருக்கலாம்). மொத்த விலை மளிகைக்கடை, 19 கிலோ வணிக சிலிண்டர் ஏஜென்சி, டாடா ஏஸ் வைத்திருப்பவர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள், மீனவக் குப்பங்களில் படகு வைத்திருப்பவர்கள். தாழ்வான ஒவ்வொரு பகுதியிலும் நம்பிப் பேசக்கூடிய ஒருவர்: சுயஉதவிக் குழு அக்காவோ, அங்கன்வாடி டீச்சரோ, ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு அண்ணனோ. அப்புறம் அரசு எண்கள்: மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, ஆம்புலன்ஸ் 108, சென்னை மாநகராட்சி 1913.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டுமா என்று கேட்பார்கள். தொடர்ந்து சமைத்துக் கொடுக்கும் அமைப்பு என்றால் பதிவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதால் சுத்தத்தின் பொறுப்பு குறைந்துவிடாது. பதிவு இல்லாத நண்பர்கள் குழு என்றால், பதிவுள்ள கேட்டரிங்காரர் ஒருவரின் சமையல்கூடத்தில் அவர் மேற்பார்வையில் சமைப்பது எல்லோருக்கும் நல்லது.

முதல் இரண்டு நாள்

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பெரிய அண்டா வைக்க ஆசைப்படாதீர்கள். வண்டி போகாது, மாஸ்டர் வர மாட்டார், சமைத்தது கூடத்திலேயே கெட்டுப்போகும். இந்த நேரத்துக்கு வேண்டியது அடுப்பில்லாமல் சாப்பிடக் கூடியது: வாழைப்பழம், அவல், பொட்டுக்கடலையும் சர்க்கரையும், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பிஸ்கட், குடிநீர். பிரெட் எல்லோரும் கொண்டுவருவார்கள். மூன்றாவது நாள் பிரெட்டைப் பார்த்தாலே மக்களுக்குக் குமட்டும், அதற்குள் பாதி பூஞ்சை பிடித்தும் இருக்கும். நீங்கள் அவலையும் பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்புப் பணியில் இருக்கும் படகுகளில் இந்த உலர் உணவை ஏற்றி அனுப்புங்கள். படகு எப்படியும் போகிறது, திரும்பும்போது ஆட்களை ஏற்றி வருகிறது. போகும்போது காலியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. நீச்சல் தெரியும் என்பதற்காகத் தன்னார்வலர்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள். மூடி திறந்த பாதாளச் சாக்கடையும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் நீச்சல் தெரிந்தவரையும் விடாது.

தலைக்கணக்கு

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். சமையல் தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். எத்தனை பேருக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சரியாகச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளாக நீங்கள் ஆகலாம். அதற்கு ஒரு போன், ஒரு நோட்டு, பொறுமை போதும்.

வாட்ஸ்அப்பில் "இந்தத் தெருவில் 500 பேர் பட்டினி, உடனே உதவுங்கள்" என்று வரும். அதை அப்படியே நம்பி வண்டியைக் கிளப்பாதீர்கள். செய்தி நேற்றையதாக இருக்கலாம், போன வருடத்ததாகக்கூட இருக்கலாம். அங்கே ஏற்கெனவே நாலு குழுக்கள் போயிருக்கலாம். அந்தத் தெருவில் இருக்கும் ஒருவரிடம் நேரடியாகப் பேசுங்கள். பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகும்:

"அக்கா, சாப்பாட்டுக்காகப் பேசுறோம். உங்க தெருவுல எத்தனை வீடு இருக்கு?"

"அம்பது வீடு இருக்கும் தம்பி."

"அதுல இன்னிக்கு ராத்திரி அங்கேயே தங்கப்போறவங்க எத்தனை வீட்டுக்காரங்க?"

"ஏரிக்கரைப் பக்கம் இருக்கறவங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. ஒரு இருபத்தஞ்சு வீட்ல ஆள் இருக்கு."

"கைக்குழந்தை, நடக்க முடியாதவங்க?"

"ரெண்டு கைக்குழந்தை. மாடியில ஒரு பெரியவர் இருக்காரு, சுகர். அவரால இறங்க முடியாது."

"யார் வீட்லயாச்சும் அடுப்பு எரியுதாக்கா?"

"மேட்டு வீட்டுல கேஸ் இருக்கு. அரிசிதான் இல்ல."

பாருங்கள், 50 வீடு என்று ஆரம்பித்தது 25 ஆகிவிட்டது. வீட்டுக்கு நாலு பேர் வைத்தால் 100 பேர். பள்ளிக்குப் போனவர்களைத் தனியாக விசாரிக்க வேண்டும். அங்கே மாநகராட்சியோ வருவாய்த் துறையோ சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோயாளி ஒருவர் மாடியில் இருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த மேட்டு வீட்டுக்கு இன்று போதிய அரிசியும் பருப்பும் போனால் அந்தத் தெருவே சமைத்துக்கொள்ளும், நாளைக்கு உங்கள் பொட்டலம் தேவைப்படாது.

கேட்டதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். "மாலை 4:10, 25 வீடு, தண்ணீர் இடுப்பளவு, மேட்டு வீட்டில் கேஸ் உண்டு" என்று ஒரு வரி. மறுநாள் காலை அதே அக்காவுக்குப் பேசி, நேற்று சாப்பாடு வந்ததா, எத்தனை மணிக்கு, மிச்சம் இருந்ததா, குறைந்ததா என்று கேளுங்கள். மிச்சமானது என்று சொல்லத் தயங்குவார்கள், அடுத்த நாள் வராமல் போய்விடுமோ என்ற பயம். "குறைச்சுக்கத்தான் கேக்கறோம்கா, நிறுத்த மாட்டோம்" என்று சொன்னால் உண்மை வரும்.

மாலை 6 மணிக்கு மறுநாள் காலைக்கான எண்ணிக்கையை மூடிவிட வேண்டும். அதற்கு மேல் வரும் அழைப்புகளுக்காக நூறில் பத்துப் பொட்டலம் கூடுதலாக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஒரே ஊரில் பல குழுக்கள் வேலை செய்யும்போது, கட்டுப்பாட்டு அறையிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ எந்தப் பகுதி யாருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இது நடக்காத ஊரில் என்ன ஆகும் என்பதைக் கஜா நேரத்தில் பார்த்தோம். மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களில் நிவாரணம் குவிந்தது, உள்ளே இருந்த கிராமங்கள் நாள் கணக்கில் காத்திருந்தன.

சமையல்கூடம்

கல்யாண மண்டபத்தைவிடச் சிறந்த இடம் கிடையாது. அண்டா, தேக்சா, கரண்டி, பர்னர், போர் தண்ணீர், ஜெனரேட்டர், மூட்டை அடுக்கக் கூடம், வண்டி உள்ளே வர வாசல், எல்லாம் ஒரே இடத்தில். மழைக் காலத்தில் விறகை நம்ப வேண்டாம், நனைந்த விறகு புகையத்தான் செய்யும். வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றாலே வேறு மண்டபம் பாருங்கள்.

தூரம்தான் அடுத்த கணக்கு. சமையல்கூடத்திலிருந்து கடைசித் தெரு வரை ஒரு மணி நேரத்துக்குள் வண்டி போக வேண்டும். வெள்ளத்தில் 10 கிலோமீட்டரே ஒரு மணி நேரம் பிடிக்கும். மதுரையில் சமைத்து தூத்துக்குடிக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல நாளிலேயே இரண்டரை மணி நேரம் ஆகும் வழி அது. அவ்வளவு தொலைவில் இருப்பவர்கள் சோறாக அனுப்பாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சிலிண்டர், ஒரு மாஸ்டர் என்று அனுப்ப வேண்டும். அண்டாவை நகர்த்துங்கள், சோற்றை நெடுந்தூரம் நகர்த்தாதீர்கள்.

கூடத்துக்குள் ஆள் நெரிசல் ஆகாது. அடுப்புப் பக்கம் மாஸ்டரும் அவருடைய ஆட்களும் மட்டும். காய் நறுக்குபவர்கள் தனி இடம், பொட்டலம் கட்டுபவர்கள் தனி இடம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், கையில் ஆறாத புண் உள்ளவர்களுக்குப் போன் வேலையோ வண்டி வேலையோ கொடுங்கள், சாப்பாட்டைத் தொட வைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் வாசலிலேயே இருக்கட்டும். வெள்ளத் தண்ணீரில் நடந்துவிட்டு வந்த காலோடு யாரும் உள்ளே வரக் கூடாது.

என்ன சமைப்பது, எவ்வளவு

சாதாரணக் கல்யாண சமையல் இங்கே உதவாது. கெடாமல் தாங்குவது, கையால் சாப்பிட முடிவது, தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாதது, இந்த மூன்றும் சேர்ந்த சாப்பாடு வேண்டும். அந்த வகையில் புளிசாதத்துக்கு ஈடு இல்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்வதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அடுத்தது எலுமிச்சை சாதம், தக்காளி சாதம். சாம்பார் சாதம் வயிற்றுக்கு இதமானது, பருப்பும் காயும் சேருகிறது, ஆனால் சீக்கிரம் ஊசிப்போகும். அதைப் பொட்டலம் கட்டாமல் ஹாட் பாக்ஸில் சூடாகக் கொண்டுபோய் முகாமில் பரிமாறுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தயிர்சாதமும் வெளியே போகும் வண்டிக்கு ஆகாது.

கணக்கு இது. 1,000 புளிசாதப் பொட்டலத்துக்கு சுமார் 120 கிலோ அரிசி, பொட்டலம் 350 கிராம் வரும். சாம்பார் சாதம் என்றால் 80 முதல் 90 கிலோ அரிசியும் 25 கிலோ வரை துவரம்பருப்பும் போதும். காலை ரவை உப்புமாவுக்குக் கிலோ ரவையில் 12 பேர் சாப்பிடலாம், அரை மணி நேரத்தில் தயார். வெண்பொங்கல் ருசிதான், ஆனால் ஆறியதும் இறுகிவிடும், பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும்.

பேரிடர் நிவாரணத்துக்கான சர்வதேச அளவுகோலான ஸ்பியர் நெறிமுறைகள், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி வேண்டும் என்று சொல்கின்றன. 120 கிராம் அரிசியில் கிடைப்பது ஏறக்குறைய 420 கலோரி, எண்ணெயும் கடலையும் சேர்ந்தால் இன்னும் நூற்றுச் சொச்சம். மூன்று வேளை பொட்டலம் கொடுத்தாலும் 2,100 எட்டாது. அதனால் ஒரு வேளைக்கு அவித்த முட்டை, ஒரு வேளைக்கு வாழைப்பழம், கூடவே கடலை மிட்டாய் என்று சேர்த்துவிடுங்கள். முட்டையை ஓட்டோடு கொடுங்கள், உரித்தால் சீக்கிரம் கெடும்.

காரத்தைக் குறையுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதே பொட்டலத்தைத்தான் பிரிக்கப் போகிறார்கள், பக்கத்தில் தண்ணீரும் அளவாகத்தான் இருக்கும்.

சோறு கெடும் விதம்

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கும். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு. கழிப்பறைகள் மூழ்கிக் கிடக்கும் தெருவில், குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டில், வயிற்றுப்போக்கு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பசியைவிட அது சீக்கிரம் ஆளைச் சாய்க்கும். பசியாற்றப் போன நாமே நோயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப்போல் ஒரு கொடுமை இல்லை. அதனால் நேர விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் இளகாதீர்கள்.

சூடாகப் போகும் சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். பொட்டலமாகப் போவது, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குக் கிடைத்துச் சாப்பிட்டாக வேண்டும். நாலு மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள். நல்ல வாசனை வந்தாலும் கொட்டிவிடுங்கள்.

கட்டும் இடத்தைச் சொல்கிறேன். கிளறிய சாதத்தை அகலத் தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கும் வரை மட்டும் விட வேண்டும், கொஞ்ச நேரம்தான். ஆவியோடு கட்டினால் உள்ளே வேர்த்து, தண்ணீர் கோத்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே நொளநொளவென்று ஆகிவிடும். மணிக்கணக்கில் தட்டில் ஆறவிட்டால் மேலே சொன்ன ஆபத்து. மேஜையின் ஒரு முனையில் அளவுக் கரண்டியோடு ஒருவர், ஒரே கரண்டி, ஒரே அளவு. அடுத்தவர் இலையோ பட்டர் பேப்பரோ வைத்து மடிப்பவர். அதற்கடுத்தவர் நூல் சுற்றுபவர். கடைசியில் ஒருவர் ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கிரேட்டில் அடுக்கி, மார்க்கரால் "புளிசாதம், 11:40" என்று கிரேட்டின் மேல் எழுதுபவர். எழுதும் அந்த நேரம் பொட்டலம் கட்டிய நேரம் இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய நேரம். வண்டியில் போகிறவர் அதைப் பார்த்துத்தான் கொடுப்பதா கொட்டுவதா என்று முடிவு செய்வார். எண்ணெய் ஊறாத, அச்சு மை ஒட்டாத காகிதமாகப் பாருங்கள். பழைய செய்தித்தாளில் சோறு கட்டாதீர்கள்.

ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, ஐஸ் பெட்டியில் ஒரு நாளாவது வையுங்கள். எங்காவது வயிறு கெட்டது என்று தகவல் வந்தால் சோதித்துப் பார்க்க அது வேண்டும்.

தண்ணீர்

சாப்பாட்டோடு தண்ணீர் போகவில்லை என்றால் பாதி உதவிதான் போயிருக்கிறது. குடிக்கவும் சமைக்கவுமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது கணக்கில் வையுங்கள். 20 லிட்டர் கேன் முகாமுக்கு, பாட்டில் மாடி வீடுகளுக்கு. குளோரின் மாத்திரை கொடுத்தால் துணியில் வடிகட்டிய தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கும்படி நேரில் சொல்லுங்கள். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது அட்டையில் இருக்கும், அதைப் படித்துக் காட்டுங்கள்.

வண்டி கிளம்பும்போது

மின்சாரம் இல்லாத ஊரில் இருட்டிய பிறகு பட்டுவாடா செய்ய முடியாது. இரவுச் சாப்பாடு மாலை 6 மணிக்குள் கைக்குப் போய்விட வேண்டும். அப்படியென்றால் மூன்றரைக்கு அடுப்பு பற்ற வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு விடிகாலை 4 மணிக்கு மாஸ்டர் எழ வேண்டும். இவர் தூங்குவதற்கு ஓர் அறை ஒதுக்கி வைப்பதும் உங்கள் வேலைதான். மூன்றாவது நாள் மாஸ்டர் படுத்துவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

ஒரு வண்டிக்கு ஓட்டுநரைத் தவிர இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் அந்தப் பகுதிக்காரர். ஒரு பெண்ணும் போவது நல்லது. நாப்கின் வேண்டும், கர்ப்பிணி இருக்கிறார் போன்ற சேதிகள் பெண்களிடம்தான் வரும்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தி அங்கிருந்து வீசாதீர்கள். கை நீட்டி முண்டியடிப்பவர்களுக்குத்தான் கிடைக்கும், அதாவது உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு. தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்து முனைக்கு வாருங்கள். தண்ணீர் நிற்கும் தெருவில் மாடியிலிருந்து கயிறு கட்டி வாளி இறக்குவார்கள். வாளியில் போடும்போதே "எத்தனை பேர் இருக்கீங்க, மாத்திரை எதுவும் தீர்ந்துடுச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்டுவிடுங்கள். சென்னையின் பெரும்பாக்கம் போன்ற பல மாடிக் குடியிருப்புகளில் மின்சாரம் போனால் லிஃப்டும் மோட்டாரும் நிற்கும். கீழே தண்ணீர் வடிந்த பிறகும் மேல்மாடி முதியவர்கள் அங்கேயே அடைந்து கிடப்பார்கள். படி ஏறுங்கள்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பொட்டலங்களை இறக்கிவிட்டு "நீங்களே பிரிச்சுக் கொடுத்துடுங்க" என்று திரும்பினால், அது காலனிக்குப் போய்ச் சேரும் என்ற நிச்சயம் கிடையாது. 2004 சுனாமி நிவாரணத்தில் தலித் மக்களும் இருளர்களும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அது பழங்கதை ஆகிவிட்டது என்று நான் நம்பவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் "காலனி எந்தப் பக்கம்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், முதல் வண்டியை அங்கே விடுங்கள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இருக்கும் இருளர் குடிசைகள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் ஷெட்டுகள், திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீடுகள், பாலத்தடியில் இருப்பவர்கள், இவர்களில் பலர் எந்த வாட்ஸ்அப் செய்தியிலும் வர மாட்டார்கள். நோட்டில் இவர்களுக்கென்று ஒரு பக்கம் முதலிலேயே ஒதுக்குங்கள்.

சாப்பாட்டை வாங்கும் கையைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டும் என்றால் அண்டாவை எடுங்கள், அடுக்கிய கிரேட்டை எடுங்கள். நேற்று வரை சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிட்டவர் இன்று வாசலில் வந்து நிற்கிறார். அந்த முகம் இணையத்தில் சுற்ற வேண்டாம். ஆதார் அட்டை கேட்பது, வரிசையில் வெயிலிலும் மழையிலும் நிற்க வைப்பது, தலைவர் வரும்வரை காக்க வைப்பது எதுவும் கூடாது.

கைக்குழந்தைகள்

பால் பவுடர் டப்பாக்களை வாங்கிக் குவித்து விநியோகிக்காதீர்கள். சுத்தமான தண்ணீரும் பாட்டில் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத இடத்தில் அது குழந்தைக்கு ஆபத்து. தாய்ப்பாலுக்கு மாற்றான பவுடர், புட்டிகளை இலவசமாக விநியோகிப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு பொட்டலமும் ஒரு பாட்டில் தண்ணீரும் கூடுதலாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடிக்க வழியில்லாத குழந்தை என்றால் சுகாதார நிலையச் செவிலியரிடம் தகவல் சொல்லி அவர் மூலம் ஏற்பாடு செய்யுங்கள். ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்குப் பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு, மசித்த வாழைப்பழம்.

காசு

கூகுள் பேயில் பணம் கொட்டும், ஓரிரு நாளில் லட்சக்கணக்கில்கூட. ஒருவரின் சம்பளக் கணக்குக்கு அது போனால் பின்னால் சிக்கல்தான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றோடு சேர்ந்து அவர்கள் கணக்கில் வாங்குங்கள். நன்கொடைக்கான வருமான வரிவிலக்கு ரசீதை (80ஜி ரசீது என்பார்கள்) அதற்கான பதிவு உள்ளவர்களால்தான் தர முடியும். அரிசி மூட்டையாகக் கொடுத்ததற்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும் அந்த விலக்கு கிடையாது. கேட்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, கனடா, வளைகுடா என்று வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பணம் அனுப்புகிறோம் என்பார்கள். இந்தியக் குடிமகனாக இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத குழு அதை வாங்கக் கூடாது. அவர்களைப் பதிவு உள்ள அமைப்புக்குக் கை காட்டிவிடுங்கள்.

தினமும் இரவு ஒரு சின்னக் கணக்கு வெளியிடுங்கள்: இன்று வந்தது, செலவானது, எத்தனை பொட்டலம், எந்தெந்தப் பகுதி, கையிருப்பு. பில் இல்லாத செலவே வேண்டாம். பழைய துணி தருகிறோம் என்பவர்களுக்கு அன்பாக வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். அதைப் பிரித்து அடுக்கவே உங்கள் ஆட்களில் பாதிப்பேர் போய்விடுவார்கள்.

எப்போது நிறுத்துவது

தண்ணீர் வடிந்து, தெருமுனை டீக்கடை திறந்து, கேஸ் வண்டி வர ஆரம்பித்தால் பொட்டலத்தைக் குறைக்க வேண்டிய நேரம். இலவசச் சோறு தொடர்ந்தால் அந்த டீக்கடையும் இட்லிக்கடை அக்காவும் எழுந்திருக்க முடியாது. மக்களே சொல்வார்கள்: "சாப்பாடு போதும் தம்பி, அடுப்பும் ரெண்டு பாத்திரமும் கிடைச்சா நாங்களே பாத்துக்குவோம்." அப்போது மளிகைப் பைக்கு மாறுங்கள். அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி, உப்பு, மிளகாய்த்தூள், சர்க்கரை, டீத்தூள், தீப்பெட்டி, கொசுவர்த்தி. இதை அந்த ஊர் மளிகைக்கடையிலேயே வாங்குங்கள், நனைந்த சரக்கால் நொடித்துப்போன கடைக்காரருக்கும் கை கொடுத்த மாதிரி இருக்கும்.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு ஓடாது. சென்னையில் பத்து நாளில் முடிவது, கஜா அடித்த பகுதிகளில் முடியவில்லை. பல கிராமங்களுக்கு மின்சாரம் வரவே வாரக்கணக்கில் ஆனது, தென்னை மொத்தமாகச் சாய்ந்ததில் வருமானமே போனது. அப்படிப்பட்ட இடத்தில் முகாம் முகாமாக, ஊர்ப் பெண்களே கூலிக்குச் சமைக்கும் பொதுச் சமையலுக்கு மாற்றிவிட்டு நீங்கள் அரிசி பருப்புக்கு மட்டும் பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

நிறுத்தும் தேதியை மூன்று நாள் முன்பே எல்லாத் தெருவுக்கும் சொல்லுங்கள். நம்பிக் காத்திருந்த வேளையில் வண்டி வராமல் போவது, ஆரம்பத்திலிருந்தே வராமல் இருந்ததைவிட மோசம்.

அப்புறம் மிச்ச வேலைகள். மண்டபத்து அண்டாக்களைத் தேய்த்துக் கணக்கோடு ஒப்படையுங்கள், காலி சிலிண்டர்களைத் திருப்புங்கள், மிஞ்சிய அரிசியை முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ ரசீதோடு கொடுங்கள். வெள்ளத்தில் நடந்த தன்னார்வலர்களுக்கு ஒரு மாதம் வரை காய்ச்சல் வருகிறதா என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். எலிக்காய்ச்சல் தாமதமாகத்தான் தலைகாட்டும், காலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். நோட்டில் இருக்கும் ஒவ்வொரு நம்பருக்கு எதிரிலும் யார் உண்மையில் போன் எடுத்தார்கள், யார் வண்டி தந்தார்கள், எந்த மண்டபத்தில் ஜெனரேட்டர் வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள். அடுத்த செப்டம்பரில் அந்த நம்பர்களுக்கு ஒருமுறை பேசி, மாறியிருந்தால் திருத்தி, இரண்டு நகல் எடுத்து இரண்டு பேர் வீட்டில் மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.